கெட்டிமேளத்துக்கு ஒரு ஆப்

“மூணு ஆப்ல ஒண்ண எடுத்துத் தொலை வீரா. மாப்பிள்ளை வந்துட்டாரு லா.”

“முழுசா ட்ரை பண்ணாம எப்படி வள்ளி? இதுல தவில் தகர டப்பா மாதிரி இருக்கு. அதுல தவில் ஓகே, நாதஸ்வரம் ஆம்புலன்ஸ் மாதிரி கத்துது.”

மலேசியாவில், கிள்ளான் கல்யாண மண்டப மேடையோரத்தில் வீரப்பனும் அமுதவள்ளியும் போட்ட சத்தம் இட்லி பந்தி வரை கேட்டது. சாம்பார் வாளியோடு நின்றவர்கள்கூட நகரவில்லை.

மணப்பெண் குமுதா, வள்ளியின் அக்கா. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய மேளக்காரர்களுக்கு இங்கே வந்து வாசிக்கப் பெர்மிட் கிடைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் விசேஷங்களில் கீபோர்டு வாசிக்கும் வீரப்பன், எல்லா மேளமும் என் டேப்லட்டிலேயே இருக்கிறது என்று பெண்ணின் அப்பா தம்புசாமியிடம் நெஞ்சை நிமிர்த்திவிட்டான். மேளம் நன்றாக அமைந்தால் அன்றைக்கே வள்ளியைப் பெண் கேட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. கேட்கிறேன், கேட்கிறேன் என்றே இரண்டு வருஷம் ஓடியிருந்தது. இன்றும் கேட்காவிட்டால் இனி காத்திருக்க மாட்டேன் என்று வள்ளி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

வாத்தியச் சத்தம் எழுப்பும் சின்தசைசர் ஆப் பத்தொன்பது வைத்திருப்பவன், மூன்றைப் பொறுக்கி, கடைசியில் மூன்றாவதைத் திறந்தான். விலைக்கு வாங்காமல், சோதித்துப் பார்க்க மட்டும் இறக்கிய ஆப். இருபது நிமிடமானால் தானாக வாயை மூடிக்கொள்ளும். மூடித் திறந்தால்தான் மறுபடி பாடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் முன்வரிசையில் தம்புசாமி தலையாட்டி ரசிக்க ரசிக்க, நிறுத்த யாருக்கு மனம் வரும்? கீர்த்தனை மேல் கீர்த்தனையாக வாசித்துத் தள்ளினான்.

ஐயர் விரலை உயர்த்திக் கெட்டிமேளம் என்றார். பத்து விரலும் திரையில் இறங்கின. சத்தம் இல்லை.

தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமாக எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளமே. அந்த நிசப்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை மாரியாயி தும்மினார். ஏர்கான் அவர் தலைக்கு நேர் மேலே. பாவம், அவரை என்ன சொல்வது. நானூறு பேருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் கை முதல் முடிச்சில் நின்றது. பின்வரிசைப் பெண்கள் அவசரமாகக் குலவையிட்ட பிறகுதான் மற்ற இரண்டும் விழுந்தன.

தம்புசாமி திட்டவில்லை. “சாப்பிட்டுட்டுப் போ தம்பி” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் மற்றதையும் கேட்டிருக்கலாம் என்று வீரப்பன் இன்றும் நினைக்கிறான். வாசலில் நின்று வள்ளி, இப்போதே கேள் என்று ஜாடை காட்டினாள்.

“அவரு சூடு ஆறட்டும். அடுத்த வாரம் பேசறேன்” என்றான் அவளிடம் போய்.

“அவருக்குச் சூடே இல்ல வீரா” என்றாள்.

அடுத்த வாரம் போனது. அதற்கடுத்த வாரமும் போனது.

குமுதாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. இரட்டைக் குழந்தைகளோடு கிள்ளானில்தான் இருக்கிறாள். அடுத்து வந்த தைப்பூசம் முடிந்த கையோடு அமுதவள்ளி ஒரு பள்ளி ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டு ஜொகூர் பாரு போய்விட்டாள். பெண் பார்க்க வந்த அன்றே, காப்பி ஆறுவதற்குள் அவர் சம்மதம் சொன்னாராம். வீரப்பன் பெட்டாலிங் ஜெயாவில் ஒற்றை அறைக்குக் குடிபோனான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.