கடைவாசலில் ஒரு மீனவர்

"இந்தச் சங்கெல்லாம் நம்ம கரையில பொறுக்கினதுதான்" என்று சங்குக் கடைக்காரி சொன்னதை, வழிகாட்டியாக வந்திருந்த அவள் சுற்றுலாக்காரர்களின் மொழியில் அப்படியே பெயர்த்துச் சொன்னாள். வாய் கூசுவதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தோடு போய்விட்டது. சங்குகள் எங்கிருந்தோ அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்தவள்தான். பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று ஒரு ரசாயன நாற்றம் வரும். அது போவதற்காக உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே ஒரு கைப்பிடி மணலையும் தூவி அடுக்கிவிடுவார்கள். அந்த மணலைத்தான் அவள் கூட்டிவந்த எட்டுப் பேரும் ஆசை ஆசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தம்பதி, பேரம் முடிந்ததும் பின்னாலேயே வருகிறோம் என்று அங்கேயே நின்றுவிட்டார்கள்.

'கடைவீதி உலா' என்று அவள் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனம் இந்தச் சுற்றுக்குப் பெயர் சூட்டியிருந்தது. துறைமுகத்தை ஒட்டிய துணிக்கடைத் தெரு, பாத்திரக்கடைத் தெரு, பழம்பொருள் விற்கும் சந்து, கடைசியாகப் பழைய மீன்சந்தை. மீன்சந்தையில் இப்போது மீன் கிடையாது. நாறுகிறது என்று மீன்காரிகளை ஊருக்கு வெளியே விரட்டிவிட்டு, கடைகளுக்கு நீலச் சாயம் அடித்து, மரப் படகும் பொம்மை நண்டும் விற்கிறார்கள். சாக்கடையை மட்டும் யாராலும் விரட்ட முடியவில்லை. பின்பக்கம் கறுப்பாகத் தேங்கி, முட்டை முட்டையாகக் குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. அதை மறைக்க ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு சின்ன இயந்திரம் 'கடல்காற்று' என்ற வாசனையைப் பீய்ச்சும். நிஜக் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது டப்பாவில் அடைத்த கடலை முகர்ந்து, "ஆகா" என்று கண்ணை மூடுகிறவர்களைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அன்று காலைதான் மேற்பார்வையாளர் ஒரு புதுக் கடையைப் பாதையில் சேர்த்திருந்தார்.

"வாசல்ல ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாரு. அசல் மீனவர். அவர் கதை சொன்னா கல்லும் கரையும். கடைசியா அங்க கூட்டிட்டுப் போ. அழுதுட்டு நல்லா வாங்குவாங்க. அப்புறம், அவர் 'நான்'னா நீயும் 'நான்'னே சொல்லணும். 'அவர் சொல்றாரு, அவர் சொல்றாரு'ன்னு இழுத்தா உருக்கமே போயிடும்."

கடை வாசலில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே கிழித்த பனியனோடு, மடியில் ஒரு வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்த அசல் மீனவர் அவளுடைய அப்பா.

துறைமுகக் கிடங்கு ஒன்றில் வாழ்நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதியவர். ஒரே ஒரு தடவை உல்லாசப் படகில் ஏறி, கரை மறைவதற்குள் அம்மாவின் மடியிலேயே வாந்தி எடுத்தவர். அவளுடைய தம்பி வீட்டில் இருந்துகொண்டு, "சும்மா ஒரு சிநேகிதர் கடையில பேச்சுத் துணைக்கு உட்கார்ந்துட்டு வரேன்மா" என்று போனில் சொல்வார். அந்தப் பேச்சுத் துணை இதுதான். வலையில் ஒரே முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன அவர் விரல்கள்.

நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் பெற்ற மகளைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கம்மா, எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க" என்றார்.

அந்த 'வாங்க'வில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் என் அப்பா, இவருக்கு மீன் செதிலுக்கும் நகத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் அவர் வேலையோடு அவள் வேலையும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

முதலில் புயல் வந்தது. அப்புறம் உடைந்த படகு. எல்லாவற்றையும் 'நான்', 'நான்' என்று பெயர்த்துக்கொண்டே வந்தாள். பொய்தானே, சங்கோடு சங்காகப் போகட்டும் என்று இருந்தது. அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"என் சம்சாரம் இருந்தாளே... நான் கடலுக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டா. எந்நேரம் ஆனாலும் சரி. தட்டுல சோத்தைப் போட்டு, மேல இன்னொரு தட்டைக் கவுத்து வச்சுட்டு, பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. அப்படி ஒரு அன்பு."

சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. அம்மா செத்த அன்று அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எந்த வழியாக மயானத்துக்குப் போவது என்று வண்டி ஓட்டுநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தட்டும் கவிழ்த்த தட்டும் நிஜம். அம்மா பசியோடு உட்கார்ந்திருந்ததும் நிஜம். அன்பெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரு தடவை முதலில் சாப்பிட்டுவிட்டாள் என்பதற்காகத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார் இந்த மனுஷன். அதற்கப்புறம் அம்மாவுக்குச் சாப்பிடப் பயம். இவர் சீட்டாட்டம் முடிந்து வந்து, சாப்பிட்டு, கை கழுவின பிறகு, ஆறிப்போனதை அவள் விழுங்குவாள். வயிறு புண்ணாகி, புண் முற்றி, கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பட்டினியைத்தான் இப்போது நீலச் சாயம் அடித்து வாசலில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

ஆறு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"என் மனைவி பட்டினியாகக் காத்திருப்பாள்" என்று அவர்கள் மொழியில் ஆரம்பித்தாள். நாக்கு கசந்தது. "ஆனால் அந்த நேரத்தில் நான் கடலில் இருந்ததில்லை. கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் சாப்பிட அவளுக்குப் பயம், நான் அடிப்பேன் என்று. வயிறு புண்ணாகிச் செத்துப்போனாள். நான் அழவில்லை."

எழுந்து போகப் போகிறார்கள், போகட்டும் என்று நின்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விசும்பினாள். பிறகு மண்டியிட்டு அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இப்படி மனந்திறந்து பேசுகிற ஒருவரை இந்தப் பயணத்திலேயே பார்க்கவில்லை என்றாள். மற்றவர்களும் எழுந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சளியை உறிஞ்சிக்கொண்டு, நேராகக் கடைக்குள் போய் ஆளுக்கொரு மரப் படகைத் தூக்கினார்கள்.

கல்லாவில் இருந்த கடைக்காரனுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். அவளைவிடச் சின்னவன். வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தான்.

"பிரமாதமான கற்பனைம்மா உங்களுக்கு! எனக்கே புல்லரிச்சுடுச்சு." அப்பாவின் பக்கம் திரும்பினான். "பெரியவரே, இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? நீங்க கடலுக்கே போகலையாம். சீட்டாடிட்டு இருந்தீங்களாம். உங்களுக்குப் பயந்து அந்தம்மா பட்டினி கிடந்து, வயிறு புண்ணாகிச் செத்தாங்களாம். நீங்க அழவே இல்லையாம். செம கதை. இனிமே இதையே சொல்லிடுங்க."

அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். வெட்கமோ கோபமோ, என்னவாவது வரும் என்று அவளும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"சரிங்க முதலாளி" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயில் ஊறிய எச்சிலைத் துப்ப இடம் தேடும்போது, சங்குக் கடையில் தங்கிவிட்ட அந்தத் தம்பதி பைகளோடு வந்து சேர்ந்தார்கள். பெரியவர் கதை முடிந்துவிட்டதா, நாங்கள் கேட்கவில்லையே என்றாள் மனைவி.

"அதுக்கென்ன, இன்னொரு தடவை சொல்லுவாரு. புதுசையே சொல்லிப் பாருங்க பெரியவரே" என்றான் கடைக்காரன்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கணவன் கைபேசியை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அப்பா வலையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

"சீட்டாடப் போயிடுவேன்மா" என்று ஆரம்பித்தார். "வீட்டுல ஒருத்தி சாப்பிடாம இருப்பாளேன்னு நெனப்பு வரும். வந்தாலும் இன்னும் ஒரு ஆட்டம்னு உட்கார்ந்துடுவேன்."

கடைக்காரன் தலையை ஆட்டி ரசித்தான்.

"ஒரு நாள் நடுவுல எழுந்து வந்தேன். ஜன்னல் வழியா பார்த்தா, தலகாணியை வயித்துல அழுத்திக்கிட்டு, குனிஞ்சு உட்கார்ந்திருக்கா. சத்தம் வராம இருக்க முந்தானையை வாயில அடைச்சிருந்தா. பார்த்துக்கிட்டே நின்னேன். உள்ள போகல. திரும்பி ஆட்டத்துக்கே போயிட்டேன்."

தலையணையைப் பற்றி அவள் சொல்லியிருக்கவில்லை. அந்த அறையின் மூலையில், தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு, அதைப் பார்த்தது தான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அப்பா அழவில்லை. வலையைக் குவித்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று அந்த மனைவி அவளுடைய கையைப் பிடித்து உலுக்கினாள். கணவன் கைபேசியை அவரிடமிருந்து மெல்ல நகர்த்தி, அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"நான்..." என்றாள்.