கையுறை போட்ட ஒரு நிமிஷம்

டெல்ஃபினோவின் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ! சான்டா ஃபே அருங்காட்சியகத்து அம்மணி அவன் ஊரான எஸ்பன்யோலாவுக்கே தேடி வந்து, "உங்க வண்டி அமெரிக்கக் கலை" என்றதும் உச்சி குளிர்ந்துபோய், ஒரு வருஷத்துக்குக் காட்சிக்கு வைக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அதே வண்டியில் அதே சான்டா ஃபே தெருவில் போனதற்காக எத்தனை தடவை போலீஸ் ஓரங்கட்டியிருக்கிறது! அந்த ஊரே இன்று கூப்பிட்டு மரியாதை செய்கிறதென்றால் சும்மாவா?

வண்டி அவன் அப்பா ஒனேசிமோவுடையது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும்படி தாழ்த்திய பழைய செவர்லே கார். முன் பம்பர் முழுக்கத் திராட்சைக் கொடியை அவரே செதுக்கியிருந்தார். சர்க்கரை வியாதி கண்ணைப் பறித்த பிறகு, அந்தக் கொடியைத் தடவிப் பார்த்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். இப்போது வலது காலையும் எடுக்கவேண்டுமாம். இதயம் தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"நாளைக்கு அறுத்துப் போடட்டும். இன்னிக்கு ஒரு தடவை வண்டியைத் தொட்டுட்டு வந்துடறேன்டா" என்றார் கிழவர்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அருங்காட்சியகத்துக்குள் தள்ளிக்கொண்டு போனான். வண்டியைச் சுற்றிலும் கயிறு. காவலுக்கு நின்ற ஆர்செலியா இவர்கள் தெருவிலேயே வளர்ந்தவள்.

"தொடக் கூடாது மாமா. என் வேலை போயிடும்."

"எங்க வண்டிடி இது!" டெல்ஃபினோ கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதாண்ணே? என் கல்யாணத்துக்கே இதுலதானே போனேன். மேலே கேமரா பாத்துக்கிட்டே இருக்கே."

பாவம், அவளும் என்னதான் செய்வாள்? உள்ளே ஓடி, யார் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையோடு வந்தாள். "ஒரே நிமிஷம். இதைப் போட்டுக்கிட்டுத்தான் தொடணுமாம்."

கயிற்றை விலக்கினாள். ஒனேசிமோ குனிந்து பம்பரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். மறுபடியும் தடவினார். ஏற்கெனவே மரத்துப்போகத் தொடங்கிய விரல்கள். அதன்மேல் தடித்த துணி வேறு. அவர் முகம் சுருங்கியது.

"டேய், கொடி எங்கேடா?"

"உங்க கைக்குக் கீழேதான்ப்பா இருக்கு."

"ஏமாத்திட்டானுங்கடா. இது நம்ம வண்டி இல்ல."

"சத்தியமா நம்ம வண்டிதான்ப்பா."

"கண்ணில்லாதவன்தானேன்னு நீயும் சேர்ந்து ஏய்க்கிறியா?"

ஆர்செலியாவும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டால்தானே? படம் பிடிக்கக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கொஞ்சம் நகரச் சொல்லிச் சிரித்தபடி கையைக் காட்டினார்கள். டெல்ஃபினோ நாற்காலியை நகர்த்தினான்.

வாசல் வரும்வரை அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்: "எங்கேடா வித்தே?"