குவைத் செட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டி நிற்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரைவரை போகாது. கட்டின வெள்ளைக்காரனுக்குக் கல் தீர்ந்துபோயிற்றா, இல்லை, தோட்டத்துச் சனத்துக்கு இரகசியம் எதற்கு என்று நினைத்தானா தெரியாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே பக்கத்து வீட்டு நாகலிங்கத்தின் கதை இந்த மருதாயிக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் காதைக் கழற்றி எங்கே வைப்பது?

நாகலிங்கம் ஃபெக்டரியில் வாச்சர். பாட்டுப் பைத்தியம். அவருடைய அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு பழைய தேயிலைப் பெட்டி நிறையக் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றைச் சுற்றிப் பாடவைக்கும் மெஷின் எப்போதோ செத்துவிட்டது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, திரும்ப உள்ளே வைப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டார். பாட்டுக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது என்று கோயில் கூட்டத்தில் ஒருமுறை பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அவர் பெண்சாதி விஜயகலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருஷம் கிடந்தவள். போகும்போது மகள் தனுஜா பாலர் வகுப்பு. வரும்போது பிள்ளை பெரியவளாகியிருந்தாள். அந்த வருஷங்களுக்குப் பதிலாக அவள் கொண்டுவந்தது ஒரு சீடி செட்டு. இரண்டு பக்கமும் ஆள் உட்காருகிற அளவுக்கு ஸ்பீக்கர். லயத்தில் அதற்குக் குவைத் செட்டு என்றே பெயர். திருவிழாவா, பிள்ளை சடங்கா, எல்லாவற்றுக்கும் அதைத்தான் இரவல் கேட்டுப் போவோம்.

தனுஜா இந்திரகுமாரைக் கட்டிக்கொண்டாள். எங்கள் தோட்டத்துப் பையன்தான், நல்லவன், குடிக்க மாட்டான், தெரணியகலையில் மாமன் வீட்டிலிருந்து திரீவீல் ஓட்டினான். ஒரேயொரு குறை, அவன் அப்பா தப்படிக்கிறவர். நாகலிங்கத்தின் அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது மழையில் நனைந்துகொண்டு வழிநெடுக அடித்தது அந்த மனுஷன்தான். தப்பு இல்லாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். ஆனால் தப்படிக்கிறவன் மகன் மருமகனாக வீட்டுக்குள் வந்துவிட்டால் மானம் போய்விடும்.

செய்தி வந்த அன்று நாகலிங்கம் வாளியும் துவாயும் எடுத்துக்கொண்டு, லயத்துக்கே தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போனார். லயத்துச் சனமெல்லாம் குடத்தோடு நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனார். பீலித் தண்ணீரில் தலையைக் கொடுத்து முழுகிவிட்டு, இன்றோடு எனக்குப் பிள்ளை இல்லை என்றார். ஈர வேட்டியோடு லயத்தின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை நடந்து வந்தார். செத்தவர்களுக்கு முழுகுவதை உயிரோடு இருப்பவளுக்கு முழுகினார். வீட்டில் அவள் பேரைச் சொல்லக்கூடாது. போனும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். தெரணியகலைப் பக்கம் போனால் அப்படியே போய்விட வேண்டியதுதான் என்று விஜயகலாவிடம் சொல்லிவைத்தார்.

அவளும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் அவள் வாயைத் திறந்தாலே அவர் ஒன்றைச் சொல்லுவார்: "நீ இங்க இருந்து வளத்திருந்தா அவ இப்புடிப் போயிருப்பாளா?" அத்தோடு அவள் வாய் மூடிவிடும். குவைத் காசில்தான் அந்த வீட்டுக்குத் தகரம் போட்டது என்பதைச் சொல்லிக்காட்ட அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் என்னிடம் யார் கேட்கிறார்கள்?

அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு சீடி. தனுஜாவுக்குப் பத்து வயசு இருக்கும்போது, பெல்மதுளையில் ஜாபிர் நடத்தின ஸ்டூடியோவில் பிள்ளையின் குரலைப் பதிந்து குவைத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளை கொஞ்சம் பேசுவாள், பிறகு பாடுவாள். நாகலிங்கம் வேலைக்குப் போனதும் விஜயகலா அதைத்தான் போடுவாள். மெதுவாகத்தான் வைப்பாள். சுவருக்கு மேலால் பாட்டு ஒரு முணுமுணுப்பாகத்தான் வரும். நான் ரேடியோவை நிறுத்திவிட்டு எனக்கு ஒன்றும் தெரியாதது மாதிரி அரிசி புடைப்பேன்.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து நாகலிங்கத்தின் தங்கை மகன் தீபாவளிக்கு வந்தான். வந்தவன் தின்றுவிட்டுப் போகவேண்டியதுதானே. கட்டிலுக்கடியில் இருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டு, மாமா, இப்ப கொழும்பில் பணக்காரர்கள் எல்லாம் திரும்ப இதுக்குத்தான் போகிறார்கள், சீடியைக் குப்பையில் போடுகிறார்கள் என்று ஊதிவிட்டுப் போனான். ஏற்கனவே ஆடுகிற மனுஷனுக்குச் சலங்கையும் கட்டிவிட்டான்.

அடுத்த கிழமையே நாகலிங்கம் பெல்மதுளைக்குப் போய், பழைய மின்சாரச் சாமான் விற்கிற அப்துல் ரஸாக் முதலாளியின் கடையைக் கிளறினார். அங்கே எம்பிலிப்பிட்டியவில் யாரோ வீட்டைக் காலிபண்ணும்போது கொடுத்த ரெக்கார்ட் பிளேயர் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிக்குக் குவைத் செட்டைத் தெரியும், அதன் ஸ்பீக்கர்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் இதை எடுத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வியாபாரம் பேசினார், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. நாகலிங்கம் முதலில் நயமாகத்தான் தொடங்கினார். தட்டில் வருவது உயிருள்ள சத்தம், சீடியில் வருவது செத்த சத்தம் என்று விளக்கினார்.

"எனக்கு அந்தச் செத்த சத்தமே போதுங்க," என்றாள் விஜயகலா.

பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

"அதுல நீ என்னா கேக்குறன்னு எனக்குத் தெரியாதா? தலைமுழுகுன பிள்ளையோட சத்தம் இந்த வீட்டுக்குள்ள எதுக்கு?"

"நீங்கதான் முழுகுனீங்க. நான் முழுகலயே."

எனக்குக் கையிலிருந்த சுளகு நின்றுவிட்டது. அந்தப் பொம்பிளை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பதிலுக்கு வழக்கமான அந்த ஒன்றைச் சொன்னார். அவள் அடங்கிப்போனாள்.

இருட்டுவதற்கு முன்னால் அவள் பின்பக்கமாக வந்து, ரவிக்கைத் துணியில் சுற்றின சீடியை என் கையில் தந்தாள். நான் அதை அரிசித் தகரத்துக்குள் வைத்தேன். அவர் செட்டைத்தான் கொண்டுபோக முடியும், பாட்டைக் கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

மறுநாள் திரீவீல் வந்தது. ஓட்டி வந்தவன் சிங்களப் பையன். நாகலிங்கம் செட்டைத் தூக்கி வைக்கும்போது விஜயகலா படியில் நின்று அவனிடம், "மல்லி, ஏக கெனியன்ன எப்பா," என்றாள். தம்பி, அதைக் கொண்டுபோகாதே. புருஷனிடம் தமிழில் சொல்லிப் பலனில்லை என்று ஊரானிடம் சிங்களத்தில் சொன்னாள். பையன் இவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். நாகலிங்கம் ஏறி உட்கார்ந்து போ என்று சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் மேசை போட்டு, மெஷினை வைத்து, முதல் தட்டைப் போட்டார். லயத்துச் சனம் கூடிநின்று பார்த்தது. ஊசி பட்டதும் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு பாட்டு. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கே உள்ளுக்குள் இளகிற்று. அதுதான் பெரிய எரிச்சல். ஒரு பக்கம் முடிந்ததும் அவர் எழுந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டை ஏந்தி, திருப்பிப் போட்டார். அந்த மெஷின் தானாக நிற்காது. பக்கம் முடிந்தால் ஊசி கடைசிக் கோட்டிலேயே சுற்றி டக், டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். ஆள் எழுந்து போய்த்தான் திருப்ப வேண்டும். அந்தச் சிரமம்கூட ஒரு மரியாதை என்று எல்லாருக்கும் சொன்னார்.

அதன்பிறகு அவருக்கு டியூட்டி ராத்திரிக்கு மாறிற்று. பகல் முழுக்க வீட்டில், பகல் முழுக்கத் தட்டு. விஜயகலா தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள், வாசலைக் கூட்டுவாள், பேச மாட்டாள். அவள் இளைத்துக்கொண்டே போனாள். ஒருநாள் அவள் என் வாசலுக்கு வந்து, "மருதாயக்கா, சசியோட டீவீடியில சீடி பாடுமா?" என்று கேட்டாள். சசி என் மகன். கொழும்பில் கடையில் நிற்கிறான், போன வருஷம் டீவீடி பிளேயர் வாங்கிப் போட்டுவிட்டுப் போனான். பாடும் என்றேன். அவர் வீட்டில் இருக்கிறாரே என்றதற்கு, "இருக்கட்டுங்க்கா," என்றாள்.

அரிசித் தகரத்திலிருந்து எடுத்துப் போட்டேன். விஜயகலா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் மெதுவாகத்தான் வைத்தாள். அம்மா, நான் தனுஜா பேசுறேன், சாப்பிட்டீங்களா, அங்க குளிரா என்று பிள்ளை கேட்டது. பிறகு பாடத் தொடங்கியது. பின்னால் யாரோ டோலக்கு அடித்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டின் சத்தம் கூடியது. அவருக்குக் கேட்டுவிட்டது. விஜயகலா ரிமோட்டை அமத்திச் சத்தத்தைக் கூட்டினாள். அவர் இன்னும் கூட்டினார். இவளும் கூட்டினாள். இரண்டு பாட்டும் கூரைக்குக் கீழே முட்டிமோதி, எது எந்த வீட்டுப் பாட்டு என்று தெரியாமல் போயிற்று. லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து அவருடைய தட்டில் பக்கம் முடிந்தது.

டக், டக் என்று ஊசி மட்டும் அடித்தது. அந்த அமைதியில் பிள்ளையின் பாட்டு தடுமாறுவது கேட்டது. டோலக்கு அடித்தவன் கூச்சத்தில் நிறுத்திவிட்டான். உடனே அதே சீடியில், லயம் முழுக்கக் கேட்கும்படி, நாகலிங்கத்தின் குரல் வந்தது.

"வெக்கப்படாம அடிடா இந்திரா. நீ யாரு, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி."

பிள்ளை சிரித்தது. டோலக்கு திரும்பத் தொடங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. தப்படிக்கிறவன் மகனைக் கூட்டிக்கொண்டு போய் மைக்குக்கு முன்னால் தனுஜாவின் பக்கத்தில் உட்காரவைத்ததே இந்த மனுஷன்தான். குவைத் செட்டை வீட்டைவிட்டு அனுப்பின அவசரம் கொழும்புத் தங்கை மகனால் வந்ததல்ல. மகள் குரலைவிட அவருக்குத் தன் குரல்தான் பயம்.

நாகலிங்கம் என் வாசலில் வந்து நின்றார். அதை நிப்பாட்டு என்றார். விஜயகலா நிறுத்தவில்லை. பின்னுக்கு ஓட்டி அந்த இடத்தைத் திரும்பப் போட்டாள்.

"நல்லாக் கேளுங்க. உங்க சத்தம்தான்."

அவர் வெட்கப்படுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். வெளியில் அத்தனை பேர் நிற்கிறார்கள். கண் கலங்கும் என்றுகூட நினைத்தேன்.

"அன்னைக்குத் தாளத்துக்கு ஆள் தேவைப்பட்டிச்சி. சொன்னேன்," என்றார்.

விஜயகலா ரிமோட்டைத் தரையில் வைத்தாள். எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது குவைத்துக்குக் கொண்டுபோன அதே பை கையில் இருந்தது. எங்கே போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. போனால் திரும்பி வராதே என்று மட்டும் சொன்னார்.

"குவைத்துக்குப் போறப்ப திரும்பி வான்னீங்க. வந்தேன். வந்து என்னத்தக் கண்டேன்?"

நான் சீடியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். ரோட்டில் வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாங்க்கா. அவ பேசுனா நேர்ல கேப்பேன். பேசாட்டி, அதையும் நேர்லயே கேட்டுக்கிறேன்."

இரத்தினபுரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். தெரணியகலைக்குப் போகிற வழி அதுதான். நான் லயத்துக்குத் திரும்பும்போது நாகலிங்கம் வாளியும் துவாயுமாகப் பீலிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். குடத்தோடு நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்தமுறை யாருக்கென்று எவரும் கேட்கவில்லை. முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை நடந்து, வீட்டுக்குள் போனார். ஊசி அதுவரைக்கும் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அவர் தட்டைத் திருப்பிப் போட்டார்.

சித்திரை வந்து போயிற்று. அவர் சமைக்கிறார், கருக்குகிறார், தட்டுப் போடுகிறார். கொழும்புக்காரன் மட்டும் ஒருமுறை வந்து, மெஷினைத் தடவிப் பார்த்துவிட்டு, அத்தை எங்கே என்றுகூடக் கேட்காமல் போனான்.

போன ஞாயிறு விஜயகலா எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது. யாரோ ஒருத்தி அதைத் தட்டி, பாடி அமத்தினாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கம் முடியும்வரைக்கும் வேறு கதை பேசிக்கொண்டிருந்தேன். முடிந்ததும், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டேன்.

"பேத்தியா? யாரு மாதிரி இருக்கா?"

அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த மனுஷனுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பில் உலை வைத்தேன். அரிசி வெந்தது, கஞ்சி வடித்தேன், ஒரு வாய் சாப்பிட்டும் முடித்தேன். அந்தப் பக்கம் ஊசி டக், டக் என்று கடைசிக் கோட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் திருப்பிப் போட ஆள் இல்லாத வீடு மாதிரி.