அணைத்த கற்பூரம்

பொய் சொல்வது ஆட்டோக்காரன் பலராமனுக்குக் கைவந்த கலை. வாய் நாறுகிறதே என்றால் இருமல் மருந்து என்பான். ஆகவே டாக்டர், குடி மூளையை அரித்துவிட்டது, புதிதாக எதுவும் தங்காது, பழசிலும் பாதி போய்விட்டது, விட்டுப்போன இடத்தை அவரே கதைகட்டி நிரப்பிக்கொள்வார், அது பொய் இல்லை என்று சொன்னபோது அவன் மனைவி சந்திரம்மாள் நம்பவில்லை. இந்த வாயோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கா தெரியாது!

அன்று மகள் தென்றல் சென்னையிலிருந்து வருகிறாள். குடிவெறியில் அப்பன் முறுக்கி ஒடித்த அவள் கை கோணலாகவே கூடிக்கொண்டது. அதோடு வீட்டை விட்டுப் போனவள். டாக்டர் சொன்னதைச் சொன்னால் அவளும் நாடகம் என்றாள். அவர் வாயால் மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே வருவேன், இல்லையென்றால் அப்படியே திரும்பிவிடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை போனால் மகள் இல்லை என்று சந்திரம்மாளுக்குத் தெரியும்.

அடி அண்ணாமலையில் அவர்கள் வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். காலையில் அங்கே கற்பூரம் ஏற்றி, நடந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லி, மகளிடம் மன்னிப்புக் கேட்பதாகக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தாள். குடியை விடுவதாக எத்தனையோ தடவை அணைத்த கைதான், உள்ளங்கையெல்லாம் பழைய தழும்பு. ஆனால் இன்று கேட்கக் கேட்க அழுதான்.

"கால்ல வுழுந்து கேக்கறேன் சந்திரா," என்றான்.

எதை மறந்தாலும் அண்ணாமலையார் முன்னால் சொன்னதை மறப்பானா என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தான். என்ன என்றாள். கோயிலில் தீபாராதனைத் தட்டு சுட்டுவிட்டதாம், கூட்டம் ஜாஸ்தியாம். சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுடைய கள்ளச் சிரிப்பு அவளுக்கு அத்துப்படி. இது அது இல்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தென்றல் படியேறாமல் கீழேயே நின்றாள். பலராமன் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கிப் போய் மகள் கையைப் பிடித்தான். பிடித்தவன் அந்தக் கோணலைத் தடவிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"யாரும்மா இப்படிப் பண்ணது? பேரச் சொல்லு. அவன உயிரோட வுடமாட்டேன்."

கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. தென்றல் அம்மாவைப் பார்த்தாள். நாடகம் இல்லை என்று சந்திரம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவன் இப்ப இல்லப்பா," என்றாள் தென்றல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் அந்தக் கை மறுபடி அவன் கண்ணில் பட்டது. மறுபடி அதையே கேட்டான், மறுபடி அழுதான். தென்றல் சோற்றைப் பிசைந்தபடியே அதே பதிலைச் சொன்னாள்.