காப்புரிமைப் பக்கத்தில் ஏழு பேர்

சுமலதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது கூடலூர் பக்கத்து ஓவேலியில் எல்லாருக்கும் தெரியும். தேயிலை பாக்டரி ஆபீஸில் கிளார்க். மேனேஜரிடமே நேருக்கு நேர் பேசுவாள். ஆனால் 'நன்றி' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. திமிர் இல்லை. நன்றி என்பது வெளியாளுக்குச் சொல்வது. நம்மாளுக்குச் சொன்னால் அவரைத் தள்ளி நிறுத்தியது போல ஆகிவிடும் என்பது அவள் எண்ணம். நம்மில் பாதிப் பேருக்கு இதே வியாதி உண்டு, அதனால் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இந்த வியாதிதான் ஒரு புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அவளைப் படாதபாடு படுத்தியது.

புத்தகத்தின் பெயர் 'ஒன்பதாம் லயம்'. கதைப் புத்தகம் இல்லை, விளையாட்டுப் புத்தகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடப்பது எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யானையும் மழையும் மேனேஜரும் வந்து போகிற இடத்தில். கதை நடத்துகிறவருக்கு ஆடுகிறவர்கள் வைத்த பெயர் 'கங்காணி'. அந்த வேலைக்கு சுமலதாவை விட்டால் ஆள் கிடையாது.

கூடலூரில் முத்துராஜின் பேக்கரி மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மூன்று வருஷம் ஆடி ஆடி உண்டான விளையாட்டு அது. பகடை விதிகள் மட்டும் இரவல். முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் 'என் பெயரைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று திறந்த உரிமத்தில் விட்டிருந்தார். சுமலதா அதைத் தமிழில் எழுதி, படம் வைத்து, இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி போட்டாள். கூட ஆடிய டீச்சர் தேவி தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துக்கூட ஆடினாள்.

இரண்டாம் பக்கத்தை அடிக்கும்போதுதான் கை நின்றது. லயத்துக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள்தான் அடித்துக் கொடுப்பாள். ஒரு பெயர் விட்டுப்போனால் எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். 'நன்றி' என்ற தலைப்பின் கீழே வெளிநாட்டுக்காரரைப் போட்டாள். சரிதான், அவர் வெளியாள். கூட உட்கார்ந்து ஆடியவர்களை எங்கே போடுவது? 'காப்புரிமை' என்ற சொல் கனமாகவும் மரியாதையாகவும் தெரிந்தது. அதன் கீழே தன் பெயரோடு தேவி, முத்துராஜ், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜீவா, அவன் மனைவி சுஜாதா, சில்வஸ்டர் என்று வரிசையாகப் போட்டாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு டீ குடித்து, 'யானை அந்தப் பக்கமிருந்து வராது' என்று சொல்லிவிட்டுப் போன இசக்கிமுத்துவையும் விடவில்லை.

போன மாதம் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சின்னப் பதிப்பகம் எழுதியது. விளையாட்டை ஆங்கிலத்தில் மின்னூலாகவும், இணையத்தில் ஆடும்படியாகவும் கொண்டுவர ஆசை, உரிமம் தருவீர்களா? சுமலதா அன்று பாக்டரியில் தேயிலைத் தூள் சாம்பிள் கணக்கை இரண்டு தடவை தவறாக எழுதினாள். எங்கோ குளிரில் உட்கார்ந்து யாரோ ஒருத்தி, 'நான் ஒன்பதாம் லயத்துப் பொண்ணு' என்று சொல்லப்போகிறாள்! சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் இன்னொரு கடிதம் வந்தது. உங்கள் புத்தகத்துக்கு ஏழு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஏழு பேரும் உரிமத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது ஆறு பேர் தங்கள் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம், அதுதான் சுலபம். இருபத்தெட்டாம் தேதிக்குள் வராவிட்டால் இந்த வருஷப் பட்டியலில் இடமில்லை, அடுத்த வருஷம் பற்றி உறுதி சொல்ல முடியாது.

ஐந்து பேர் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைப் படிக்காமலேயே போனில் விரலால் கையெழுத்துப் போட்டார்கள். "எங்க போடணும் அக்கா, இங்கியா?" என்று மட்டும் கேட்டாள் தேவி. இசக்கிமுத்துவுக்கு விளையாட்டே ஞாபகமில்லை. "யானைய பத்தித்தான? போட்டுட்டேன்," என்றார்.

பாக்கி சில்வஸ்டர்.

சில்வஸ்டரும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. இரண்டு குடும்பமும் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவை. விளையாட்டில் அவன் உண்டாக்கிய ஆள் சங்கிலி, இரவு வாட்ச்மேன். டார்ச்சும் தகர டின்னும் வைத்துக்கொண்டு யானையை விரட்டுகிறவன். சில்வஸ்டரின் அப்பாவும் வாட்ச்மேன். அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு ஞாயிறு, ஆட்டத்தில் சங்கிலி யானைக்கு எதிரே நின்றான். இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தது. சங்கிலி செத்தான்.

"இன்னொரு தடவ உருட்டிக்கிறேன், கங்காணி," என்று கேட்டான் சில்வஸ்டர்.

"பகடை சொன்னது சொன்னதுதான். உனக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டமா?" என்றாள் இவள். அவன் அப்பாவைப் பற்றி எல்லாம் தெரிந்தும் சொன்னாள். வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேனே.

அவன் எழுந்து போனான். அவள் எண்ணை பிளாக் செய்தான். பைக்காரா ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிற வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வருஷம் ஆயிற்று. புத்தகம் வந்ததே அவனுக்குத் தெரியாது.

இருபத்து நாலாம் தேதி லீவு போட்டுவிட்டு, கூடலூரில் ஊட்டி பஸ் பிடித்து, நடுவட்டம் தாண்டி பைக்காராவில் இறங்கினாள். படகு இல்லத்தில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு டூரிஸ்டுகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான்.

"வாங்க. என்ன விஷயம்?"

ஒண்ணாம் கிளாஸிலிருந்து வா போ என்று பேசியவன் 'வாங்க' என்கிறான். அதற்கு அவன் ஏரியில் பிடித்துத் தள்ளியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

விஷயத்தைச் சொல்லி போனை நீட்டினாள். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டான். "எதுக்குன்னு தெரியாம கையெழுத்து போட மாட்டேன். மொதல்ல புத்தகத்த காட்டுங்க."

படித்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டாம் பக்கத்தில் தன் பெயரைக் கண்டதும் புருவம் ஏறியது. தள்ளிக்கொண்டே போனவன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றான். அங்கே சங்கிலி இருந்தான். ஒன்பதாம் லயத்து முனையில், டார்ச்சோடு. கீழே ஒரு விதி: *சங்கிலிக்கு இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால், கங்காணி ஒரு தடவை மறுபடி உருட்ட விட வேண்டும்.*

"செத்துட்டான்ல?" என்றான் சில்வஸ்டர்.

"புத்தகத்துல சாகல," என்றாள் சுமலதா.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, காகிதத்த எடு," என்றான். 'எடுங்க' என்று சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தான். "இத உனக்கு எழுதிக் குடுத்துட்டா, நீ அவங்ககிட்ட என்னத்துல கையெழுத்து போடுவ? அதையும் காட்டு."

அது ஒன்பது பக்கம். அவள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவன் சாப்பாட்டு நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்தான். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்தான்.

"இத பாரு. எல்லா மொழியிலயும், எல்லா வடிவத்துலயும் அவங்களுக்கு மட்டும். எல்லா மொழின்னா தமிழும்தான். நாளைக்கு தேவி ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு சும்மா குடுக்க முடியாது. உன் புத்தகத்த நீயே இணையத்துலருந்து எடுக்கணும்."

சுமலதா குனிந்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"எங்க தாத்தா சிலோன்ல ஒரு பாரத்துல கையெழுத்து போட்டாரு. படிச்சு சொல்ல ஆளில்ல. இனி அங்க திரும்ப முடியாதுன்னு அதுல எழுதியிருந்தது கப்பலேறினப்பறம்தான் தெரிஞ்சுச்சு," என்றான். "நான் எழுதிக் குடுக்க மாட்டேன், சுமா. மத்தவங்க போட்டுக் குடுத்ததையும் அனுப்பாத. ஏழு பேரும் சொந்தக்காரங்களாவே கையெழுத்து போடுவோம். தமிழ எடுத்துட்டு அனுப்பச் சொல்லு."

"நாலு நாள்தான் இருக்கு. ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கலன்னா நம்ம விளையாட்டு நம்மகிட்ட இருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தே கடிதம் எழுதினாள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைத்தாள். அது வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மனசு நிறைந்திருந்தது: கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஐந்து பேருக்கு நடுவில், கோபித்துக்கொண்டு போனவன் ஒருத்தன்தான் அவளுக்காக ஒன்பது பக்கத்தையும் படித்திருக்கிறான்.

மறுநாள் சாயந்திரமே பதில் வந்தது. அது எங்கள் வழக்கமான படிவம், தமிழ் உங்களிடமே இருக்கட்டும். ஏழு பேரும் போடுவது எங்களுக்கு மகிழ்ச்சி. பாதிப் பேர் ஆறாம் பக்கம் வரை படிப்பதே இல்லை.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிறாக அமைந்தது. பேக்கரி மாடியில் பழைய மேசையைச் சுற்றி ஏழு பேர். போன் கைமாறிக்கொண்டே போனது. சில்வஸ்டர் பைக்காராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். இசக்கிமுத்து இரண்டு டீயோடு உட்கார்ந்திருந்தார். கடைசியாக சுமலதா கையெழுத்துப் போட்டு, பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள்.

பிறகு எழுந்து நின்றாள்.

"நன்றி," என்றாள்.

தேவி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அக்கா, காய்ச்சலா?"

"சும்மா இருடி. எல்லாருக்கும்தான் சொல்றேன். சில்வஸ்டருக்கு ரெண்டு தடவ." அவன் பக்கம் திரும்பினாள். "நீ அன்னைக்கு கேட்டப்ப நான் மறுபடி உருட்ட விட்டிருக்கணும்."

சில்வஸ்டர் டப்பாவிலிருந்து இரண்டு பகடைகளையும் எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

"சங்கிலி லயத்து முனையில நிக்கிறான், கங்காணி," என்றான். "யானை வருதா, இல்லையா?"