பதினேழாவது நரம்புச் செல்லின் காது

1

நாற்பத்தொரு மணி நேரமாக அவள் வாயில் ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்தக் கதை பிறந்த காரணம் அவ்வளவுதான். சொல்லத் தைரியம் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாள்.

(அவள் என்பது இதை எழுதுகிறவள்தான். "நான்" என்று ஆரம்பித்தால் கை கூசுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கும். இந்தப் பக்கத்துச் செல் நரம்புக்கடத்தி என்ற வேதிப்பொருளைக் கக்கும். அந்தப் பக்கத்துச் செல்லில் அதற்கென்றே இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொண்டால் கதவு திறக்கும். சேதி போய்ச் சேரும்.

(பாடப்புத்தக வாடை அடிக்கிறது. இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.)

இரண்டாவது தொடக்கம்: எங்கள் ஆய்வகத்தை நடத்தும் அக்கா ஒரு புயல், ஒரு

வேண்டாம். அக்கா படித்தால் தொலைந்தோம்.

3

நடந்தது இது. இந்த வகை நரம்புச் செல்லில் ஓர் ஏற்பி உயிரோடு இருக்கிறது என்பது அக்காவின் கட்சி. இல்லவே இல்லை என்பது ஊர் உலகத்தின் கட்சி. ஐந்து வருடமாக அக்கா ஒற்றை ஆளாகக் கத்துகிறார். பதினாறு செல்கள் அசைந்து கொடுக்கவில்லை. பதினேழாவதன் மேல் அவள் குழாயைத் திருகி நரம்புக்கடத்திக் கரைசலை விட்டாள். செல்லின் மின்னசைவைக் காட்டும் திரையில் கோடு துள்ளியது. ஒன்பது தடவை திருகினாள். ஒன்பது தடவையும் துள்ளியது. அக்காவும் துள்ளினார்.

(அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. முட்டுக் கொடுத்திருந்த தாளை அன்று யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள். நினைவில் வையுங்கள்.)

திங்கள் மாலை ஐந்து மணிக்குக் குளிர்பெட்டியைத் துடைக்கும்போது அவள் ஒரு பொருளைப் பார்த்தாள். அது என்ன என்பதுதான் அந்த வாக்கியம். வெளியே வந்தால் பதினேழாவது செல் பொய். இன்று புதன், மணி பத்து. இரண்டு மணிக்கு அக்கா அந்தக் கோட்டை நூறு பேருக்குக் காட்டப்போகிறார்.

4

முதல் முயற்சி:

"அக்கா, அந்தப் பதினேழாவது..."

"அதைத்தான்டி ஊரே பேசுது! இரு, இன்னொரு ஃபோன்."

(அடிக்குறிப்பு: நரம்புக்கடத்தியை ஓயாமல் கொட்டினால் ஏற்பி மரத்துப்போகும். அக்காவுக்குக் காலையிலிருந்து பாராட்டு கொட்டிக்கொண்டிருந்தது.)

இரண்டாம் முயற்சி:

"அக்கா..."

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

(அடிக்குறிப்பு: சில நரம்பு முனைகள் கக்கியதைத் தாமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.)

5

முடிவு அ: மின்சாரம் போய்க் கூட்டம் ரத்தாகிறது. (கோழை.)

முடிவு ஆ: அவள் சொல்லிவிடுகிறாள். உடனே அக்கா

இங்கே பேனா நின்றது. இதை அவள் எழுதிக்கொண்டிருப்பது ஆய்வுக் குறிப்பேட்டில். வேறு தாளில் அவளுக்கு எழுத வராது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. கையெழுத்துப் போட வந்த அக்கா முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

6

(பேனா நின்றதிலிருந்து எல்லாமே பிறகு எழுதியது.)

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

"நான் புயலா?"

"அடிச்சிடுறேன்க்கா."

"அடிச்சாலும் தெரியும்டி, வாயாடி." பேசாதவளுக்கு அக்கா வைத்த பெயர் அது. "அஞ்சு வருஷம் இல்ல, ஆறு. திருத்து."

பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"குளிர்பெட்டில என்னத்தப் பார்த்த?"

அவள் பேனாவை எடுத்தாள். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"எழுதாத. சொல்லு."

அதற்கப்புறம் அக்கா செய்ததை எழுதப்போவதில்லை. ஒரே நரம்புக்கடத்திதான் கைத்தசையை இறுக்குகிறது, இதயத் துடிப்பைத் தணிக்கிறது; வித்தியாசம் ஏற்பியில் இருக்கிறது. கக்குவது மட்டுமே இந்தப் பக்கத்துச் செல்லின் வேலை. அந்தப் பக்கத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

"அக்கா, நீங்க வாங்கி வச்ச புது நரம்புக்கடத்திக் குப்பி இன்னும் மூடியே பிரிக்காம இருக்கு. நான் கலக்க மறந்துட்டேன். பதினேழாவது மேல விட்டது வெறும் உப்புத் தண்ணி. குழாயத் திருகுறப்பல்லாம் துள்ளினது செல் இல்லக்கா, மேசை."