ஜிப் வைத்த பாக்கெட்

ஏரிக்கரையில் என் காரை நிறுத்தியதும் அவர் தன்னுடைய கார் சாவியை எடுத்து முன்கண்ணாடிக்கு அடியில் டேஷ்போர்டின் மேல் வைத்தார். என் கையில் தரவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. ஷூ கயிற்றை இறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டார். நானும் பார்க்காதவன் போல ஏரியைப் பார்த்தேன். ஏரி எங்கும் ஓடிவிடப் போவதில்லை, ஆனாலும் பார்த்தேன். இறங்கும்போது அவரே எடுத்திருப்பார் என்று நினைத்து வண்டியைப் பூட்டினேன்.

அவர் என் சம்பந்தி. சம்பந்தியாக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். என் மகளும் அவர் மகனும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடிதடி எதுவும் இல்லை, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் பேச்சுவாக்கில் ஆரம்பித்து, வருஷா வருஷம் தொடர்ந்துவந்த நடை இது. ஏரியிலிருந்து அருவி வரைக்கும், இறக்கம் மட்டும். அவருடைய கார் கீழே அருவிப் பக்கம் நிற்கும். என் காரில் இருவரும் மேலே வருவோம். நடந்து இறங்கியபின் அவர் காரில் ஏறிவந்து என்னுடையதை எடுப்போம். முதல் தடவை, ஏரியில் முகம் கழுவக் குனிந்தவர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தண்ணீருக்குத் தாரை வார்த்துவிட்டார். அதற்குப் பிறகு நடக்க ஆரம்பிக்கும் முன்பே சாவியை என் கையில் தந்துவிடுவார். "உங்க பாக்கெட்லதான் ஜிப் இருக்கு" என்பார். இதற்கென்றே அந்தச் சட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷமும் அதே சட்டைதான். புறப்படும்போது என் மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"இதோட சரின்னு நேர்லயே சொல்லிட்டு வந்துடுங்க. போன்ல சொன்னா மரியாதையா இருக்காது. நாளைக்கு நம்ம பொண்ணுக்கு வேற இடம் பாக்கணும். நீங்க இவரோட மலை ஏறிக்கிட்டிருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"ஏறல, இறங்கறோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

காலையில் அருவிப் பக்கம் என்னைப் பார்த்ததும் அவர் "வாங்க சார்" என்றார். இத்தனை வருஷம் சம்பந்தி, சம்பந்தி என்று கூப்பிட்ட வாய். எனக்குச் சுருக்கென்றது. யோசித்தால், அவர்தான் பாவம் வேறு எப்படிக் கூப்பிடுவார்? எனக்கும் வார்த்தை கிடைக்காமல் "வாங்க வாங்க" என்று இரண்டு தடவை சொல்லிச் சமாளித்தேன்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, பேச்சில் சிக்கனம். எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. வருகிறவர்களோடு பேசிப் பேசி வாய் ஓயாத பழக்கம். எப்போதும் நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டு வருவார். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர் பாதையோடு கூடவே வந்தது. சில இடங்களில் கற்களுக்கடியில் காணாமல் போய்ச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வளைவு வந்ததும் அடுத்த வளைவு நல்ல இடமாகத் தெரியும். அப்படியே பாதி மலை இறங்கிவிட்டோம். ஒரு பாசி பிடித்த பாறையில் என் கால் வழுக்கியது.

"பாத்து, சம்பந்தி" என்று என் கையைப் பிடித்துவிட்டார்.

பிடித்தவர் உடனே கையை விட்டுவிட்டு ஏதோ மரத்தை அண்ணாந்து பார்த்தார். நானும் காதில் விழாத மாதிரி பேன்ட்டில் ஒட்டாத மண்ணைத் தட்டிவிட்டேன்.

அருவிக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அங்கே எதைச் சொன்னாலும் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்ல வேண்டும். இப்படியொரு விஷயத்தைக் கத்திச் சொல்ல முடியுமா? காரில் ஏறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தன் கார்க் கதவருகே நின்று அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன்.

"சாவி?" என்றார்.

"நீங்க எடுக்கலையா?"

"உங்க கண்ணு முன்னாடிதானே வச்சேன்."

"வச்சீங்க. குடுக்கலையே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "குடுத்தா வாங்குவீங்களோ மாட்டீங்களோன்னு ஒரு இது."

இந்த வயதில் ஒரு சாவிக்காகவா அழுகிறான் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்டிய என் காருக்குள், மேலே, வெயிலில் கிடந்தது அது.

அந்த நேரம் மரச்சட்டங்கள் ஏற்றிய ஒரு சின்ன லாரி வந்து நின்றது. "ஏரிப்பக்கம்தான் போறேன். ஏறிக்கிறீங்களா?" என்று டிரைவர் கேட்டார். இறக்கத்தில் என் முழங்கால் இரண்டும் ஏற்கனவே கழன்றுவிட்டிருந்தன. தெய்வமே அனுப்பிய வண்டி என்று கையைத் தூக்கிவிட்டேன்.

"இல்லைங்க. நாங்க நடந்துக்கறோம்" என்றார் அவர்.

டிரைவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். தூக்கிய கையால் நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

"ஏத்தமா இருக்குமே" என்றேன்.

"மெதுவா போலாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்ல சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கும் அப்படி ஒண்ணு இருக்கு" என்றேன்.

அவர் பாதைப் பக்கம் திரும்பினார். "அப்ப மேல போய்ச் சொல்லிக்கலாம்" என்றார்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குவதற்கே நேரம் சரியாக இருந்தது. அவர் முன்னால் போய்ப் போய் நின்று, நான் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தார். பாசிப் பாறை வந்தபோது கேட்காமலே கையை நீட்டினார், நானும் பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. காரைத் திறந்தேன். வைத்த இடத்திலேயே சாவி இருந்தது. அவர் அதை எடுத்து, சூடாக இருந்ததால் கைமாற்றிக் கைமாற்றி ஆறவைத்தார். கீழே போனதும் அவருக்குத்தான் வேண்டும். இனி அது என்னிடம் இருக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அவர் உள்ளங்கையில் சாவியை வைத்து என் பக்கம் நீட்டினார்.

நான் ஜிப்பை இழுத்துத் திறந்தேன்.